குரோமோசோம்களை எண்ணிய அம்மையார்

சென்ற பருவத்தில் நம் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் வெங்காய வேர்நுனியை நசுக்கிச் சாயமிட்டு நுண்ணோக்கியில் வைத்தேன். 16 குரோமோசோம்கள் தெரிய வேண்டும். எனக்குக் கிடைத்தவை 14, மறுமுறை 17! எண்ணுவதே இத்துணைக் கடினமா என்று நான் அலுத்துக்கொண்டபோதுதான் எங்கள் விரிவுரையாளர் ஜானகி அம்மாளின் பெயரைச் சொன்னார்.

1897ஆம் ஆண்டு தலைச்சேரியில் பிறந்த இவ்வம்மையார், தோழியரே, நம் இராணி மேரிக் கல்லூரி மாணவி! பின்னர் மாநிலக் கல்லூரியில் 1921இல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். வீட்டில் திருமணப் பேச்சு நடந்தது. அவரோ உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டுவிட்டார். 1931இல் அங்கேயே டாக்டர் பட்டமும் பெற்றார். கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை.

இதை என் அம்மாவிடம் சொன்னேன். மந்தைவெளியில் தெருவோரம் இஸ்திரி போடுபவர் அவர். பெட்டியைக் கீழே வைக்காமலே, அந்தம்மாவுக்கு வயதான காலத்தில் யார் சோறு போட்டார்கள் என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவள் நான் ஒருத்திதான். தை பிறந்தால் எனக்கும் வரன் பார்ப்பதாகப் பேச்சு.

1930களில் அம்மையார் கோவைக் கரும்பு ஆய்வு நிலையத்தில் பணியாற்றினார். பொங்கலுக்கு நாம் கடிக்கும் கரும்புக்கு ஆற்றோரத்தில் யாரும் சீந்தாத காட்டு உறவு ஒன்றுண்டு. இவற்றின் குரோமோசோம்களை எண்ணினார். கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து பார்த்தார். பின்னர் இங்கிலாந்து சென்று, டார்லிங்டன் என்பாருடன் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945இல் பெருநூலாக வெளியிட்டார். 1951இல் நேருவின் அழைப்பால் தாயகம் திரும்பினார்.

கண்ணால் எண்ண இயலாதவையும் உண்டு. ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்டின் குரோமோசோம்கள் மிகமிகச் சிறியவை. (அவையும் 16தாம்!) செல் பிரியும்போது இழைகள் பற்றி இழுக்கும் இடம் சென்ட்ரோமியர். ஈஸ்டில் அதை 1980இல் கிளார்க், கார்பன் இருவரும் டி.என்.ஏ. துண்டாகவே பிரித்தெடுத்தனர். பின்னர் இரு குரோமோசோம்களின் எழுத்து வரிசைகளை அருகருகே வைத்து ஒப்பிட்டபோது, சுமார் 125 எழுத்து நீளத்தில் ஒத்த அமைப்பு இரண்டிலும் தென்பட்டது. அங்கே அமரும் புரதங்களின் உறவுகளை இனங்காணவும் வரிசை ஒப்பீடு கைகொடுத்தது. ஈஸ்டின் சி.எஸ்.ஈ.4 புரதம் மனித சென்ட்ரோமியரிலுள்ள சென்ப்-ஏ புரதத்துக்கு உறவு என்பது 1990களில் அவ்வாறு வெளிப்பட்டதே. நுண்ணோக்கிக்கு எட்டாததை எழுத்து வரிசை எட்டிப் பிடித்துவிட்டது!

அம்மையார் முதுமையிலும் ஓயவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் மையத்தைச் சார்ந்து ஆய்வு செய்துவந்தவர், 1984 பிப்ரவரியில் மதுரவாயலில் காலமானார். 86 வயதிலும் வேலை பார்த்தாராம் என்று அம்மாவிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, மூன்றாம் ஆண்டு முடியட்டும் என்று அப்பாவிடம் தாமே பேசுவதாகச் சொன்னார்.