எலிஷா ஓட்டிஸ்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நியூயார்க் நகரின் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் மாடிமேல் மாடியாக உயர்ந்துகொண்டிருந்தன. கீழ்த்தளத்தில் வந்து இறங்கும் சரக்கை மேல்தளங்களுக்குக் கொண்டுசெல்லக் கயிற்றில் தொங்கும் மேடைகள் பயன்பட்டன. கயிறு அறுந்தால் மேடை சரக்கோடு கீழே விழும். அதில் தொழிலாளி எவரேனும் நின்றிருந்தால் அவர் உயிருக்கு உறுதியில்லை. இந்த ஆபத்துக்குத் தீர்வு கண்டவர் எலிஷா கிரேவ்ஸ் ஓட்டிஸ்.

அவர் 1811ஆம் ஆண்டு அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 19 வயதில் வீட்டைவிட்டு வெளியேறி, வண்டி ஓட்டினார், மாவாலை நடத்தினார், மரம் அறுத்தார். எதுவும் கைகொடுக்கவில்லை. இளம் மனைவி இரண்டு மகன்களை விட்டுவிட்டு இறந்துபோனார். பின்னர் ஆல்பனி நகரில் கட்டில் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கட்டில் சட்டங்களைக் கையால் செய்வதைவிடப் பல மடங்கு வேகமாகக் கடைந்து தரும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். வேலை எங்கே தடைப்படுகிறது என்பதைக் கண்டறியும் கண் அவருக்கு இயல்பாகவே இருந்தது.

1852ஆம் ஆண்டில் யாங்கர்ஸ் என்னும் ஊரில் பழைய மர ஆலை ஒன்றைக் கட்டில் தொழிற்சாலையாக மாற்றும் பொறுப்பு அவரிடம் வந்தது. கனமான பொருள்களை மேல்தளத்திற்கு ஏற்றவேண்டியிருந்தது. பாரந்தூக்கிகள் அப்போது புதியவை அல்ல. அவற்றைக் கண்டுபிடித்தவர் ஓட்டிஸும் அல்லர். கயிறு அறுந்த பிறகு என்ன நடக்கும் என்ற கேள்விக்குத்தான் அவர் விடை தேடினார்.

விடை மிக எளிமையானது. மேடை ஏறி இறங்கும் பாதையின் இருபுறமும் வாள்பற்கள்போல் பற்கள் கொண்ட சட்டங்களைப் பொருத்தினார். மேடையின் உச்சியில் குதிரைவண்டியில் பயன்படும் வில் ஒன்றை வைத்து, அதன் நடுவில் கயிற்றைக் கட்டினார். மேடையின் எடை கயிற்றை இழுக்கும்வரை வில் வளைந்திருக்கும். அதன் முனைகள் பற்களைத் தொடா. கயிறு அறுந்ததும் வில் நிமிரும். முனைகள் பற்களில் சிக்கிக்கொள்ள, மேடை அங்கேயே நிற்கும். தடுக்கும் வேலையைச் செய்ய ஆள் எவரும் தேவையில்லை.

1853இல் விற்பனை தொடங்கியது. ஆனால், வாங்க வந்தவர் சிலரே. சொல்லி விளங்கவைப்பதைவிடச் செய்து காட்டுவதே மேல் என்று ஓட்டிஸ் எண்ணினார்போலும். 1854இல் நியூயார்க்கின் பளிங்கு மாளிகைக் கண்காட்சியில், கூட்டத்தின் முன்னே உயரத் தூக்கப்பட்ட மேடையில் தாமே ஏறி நின்றார். பிறகு, மேடையைத் தாங்கிய கயிற்றை வெட்டச் சொன்னார். கயிறு அறுந்தது, மேடை சற்றே இறங்கி நின்றது. தம் கருவியின்மீது அவருக்கு இருந்த நம்பிக்கைக்கு வேறு சான்று வேண்டியதில்லை. அதன் பிறகு வாங்குவோர் பெருகினர்.

சரக்குக்காகப் பிறந்த அந்தக் கருவி விரைவில் மனிதரையும் ஏற்றியது. 1857இல் நியூயார்க்கின் பிராட்வே வீதியில், ஐந்து மாடிகள் கொண்ட பீங்கான் பொருள் கடை ஒன்றில் பயணிகளுக்கான முதல் பாதுகாப்புத் தூக்கி அமைக்கப்பட்டது. அதை இயக்கியது நீராவி. எனவே, நாம் இன்று வழங்கும் ‘மின்தூக்கி’ என்ற பெயர் அதற்குப் பொருந்தாது. அது ஒரு நிமிடத்தில் 12 மீட்டர் அளவே ஏறியது.

ஓட்டிஸ் பெருஞ்செல்வர் ஆகவில்லை. 1861ஆம் ஆண்டு தொடக்கத்தில் நீராவித் தூக்கிக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு ஏப்ரலில், தொண்டை அடைப்பான் நோயால் 49 வயதில் காலமானார். அவர் விட்டுச் சென்ற சிறிய பட்டறையையும் கடனையும் மகன்கள் சார்ல்ஸும் நார்ட்டனும் ஏற்றுக்கொண்டனர். 1889இல் பாரிசில் ஈஃபெல் கோபுரம் திறக்கப்பட்டபோது, அதன் சாய்ந்த கால்களின் வழியே ஏறும் தூக்கிகள் சிலவற்றைச் செய்து கொடுத்தது அவர்களுடைய நிறுவனமே.