பத்து ஏக்கர் தரிசும் ஒரு கோவேறு கழுதை வண்டியும்

ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்றதும் நம்மில் பலருக்கு நிலக்கடலைதான் நினைவுக்கு வரும். நிலக்கடலையிலிருந்து முந்நூறு பொருள்களைக் கண்டுபிடித்த கறுப்பின விஞ்ஞானி என்று பள்ளி நாள்களில் பொது அறிவு வினாவிடைப் புத்தகத்தில் மனப்பாடம் செய்தவர்களில் நானும் ஒருவன். தாவரவியல் மூன்றாம் ஆண்டுக்கு வந்து அவருடைய வரலாற்றைச் சற்று விரிவாகப் படித்தபோதுதான், நான் மனப்பாடம் செய்தது அவருடைய வாழ்வின் சிறிய பகுதி என்று தெரிந்தது. அந்த முந்நூறில் பல, பிறர் முன்பே அறிந்திருந்தவை. கடலை வெண்ணெய் அவர் கண்டுபிடித்ததே அன்று. அவர் பெற்ற காப்புரிமைகள் மூன்றே மூன்று. அழகுப் பூச்சும் சாயமும் பற்றிய அவையும் வாணிபத்தில் நிலைக்கவில்லை. கடலைக்கு முந்திய கார்வரையே நான் பெரிதாக மதிக்கிறேன். இக்கட்டுரை அந்தக் கார்வரைப் பற்றியது.

அவர் பிறந்த நாள் யாருக்கும் தெரியாது. அடிமைக் குழந்தையின் பிறந்த நாளை யார் குறித்து வைப்பார்கள்? ஏறத்தாழ 1864ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் டயமண்ட் என்ற சிற்றூருக்கு அருகில் மோசஸ் கார்வர் என்ற வெள்ளைக்கார விவசாயியின் பண்ணையில் பிறந்தார். உள்நாட்டுப் போர்க் காலம் அது. கொள்ளைக் கூட்டம் ஒன்று தாயையும் கைக்குழந்தையையும் தூக்கிச் சென்றது. மோசஸ் ஆளனுப்பித் தேடியதில் குழந்தை மட்டும் கிடைத்தது; அதற்கு ஈடாக ஒரு குதிரை கைமாறியது. தாய் திரும்பி வரவே இல்லை. அடிமை முறை ஒழிந்த பிறகு அந்தத் தம்பதியரே ஜார்ஜையும் அவருடைய அண்ணனையும் வளர்த்தனர். நோஞ்சான் பிள்ளையாதலால் வயல் வேலைக்கு அனுப்பாமல் வீட்டு வேலை கொடுத்தார்கள். மற்ற நேரமெல்லாம் காட்டில் செடி கொடிகளோடு கழிந்தது. வாடிய செடியைக் கொடுத்தால் பிழைக்க வைத்துத் தருவான் என்று சுற்று வட்டாரத்தில் சிறுவனுக்குப் பெயர் ஏற்பட்டது.

கறுப்புப் பிள்ளைகளுக்கு உள்ளூரில் பள்ளி இல்லை. பல கல் தொலைவிலிருந்த நியோஷோவுக்குப் போய் ஒரு சலவைத் தொழிலாளி அம்மையார் வீட்டில் தங்கிப் படித்தார். பின்னர் கான்சாஸ் மாநிலத்தில் ஊர் ஊராகத் துணி வெளுத்தும் சமையல் செய்தும் படித்தார். 1879இல் ஃபோர்ட் ஸ்காட் நகரில் ஒரு கறுப்பரைக் கும்பல் அடித்துக் கொன்றதைக் கண்ணால் பார்த்து அந்த ஊரைவிட்டே போனார். ஒரு கல்லூரி அஞ்சல் மூலம் இடம் கொடுத்துவிட்டு, நேரில் போனதும் தோலின் நிறத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பியது. 1890இல் அயோவாவின் சிம்ப்சன் கல்லூரியில் சேர்ந்தார். சேர்ந்தது ஓவியம் படிக்க! அவர் செடிகளை வரைந்த விதத்தைக் கண்ட ஓவிய ஆசிரியைதான் விவசாயக் கல்லூரிக்குப் போகத் தூண்டினார். 1894இல் இளநிலைப் பட்டம், 1896இல் முதுநிலைப் பட்டம். அயோவா விவசாயக் கல்லூரியின் முதல் கறுப்பின மாணவரும் முதல் கறுப்பின ஆசிரியரும் அவரே. அங்கே ஒரு பேராசிரியரின் சிறு மகன் கார்வரின் கையைப் பிடித்துக்கொண்டு செடி பார்க்கப் போவான். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோள விதை நிறுவனம் தொடங்கி, அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராகவும் ஆன ஹென்றி ஏ. வாலஸ்.

அயோவாவிலேயே இருந்திருந்தால் கண்ணாடிக் கூடமும் நுண்ணோக்கியுமாக வாழ்க்கை சுகமாகப் போயிருக்கும். 1896இல் அலபாமாவின் டஸ்கிகியிலிருந்து புக்கர் டி. வாஷிங்டன் அழைத்தார். விடுதலை பெற்ற அடிமைகளின் பிள்ளைகளுக்காக அவர் நடத்திய பள்ளி அது. ஆண்டுக்கு 1000 டாலர் சம்பளம், தங்க இடம், சாப்பாடு. கார்வர் போனார். ஆய்வுக்கூடம் என்று அங்கே எதுவும் இல்லை. மாணவர்களை அழைத்துக்கொண்டு குப்பை மேடுகளில் புட்டிகளும் மூடிகளும் பொறுக்கி வந்துதான் தொடங்கினார்.

1897இல் அலபாமா சட்டமன்றம் டஸ்கிகியில் ஒரு விவசாய ஆய்வு நிலையம் அமைக்க அனுமதித்து ஆண்டுக்கு 1500 டாலர் ஒதுக்கியது. 1887ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்திய அரசு மாநிலந்தோறும் ஆய்வு நிலையத்துக்குக் கொடுத்த தொகை 15,000 டாலர் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த 1500 எவ்வளவு என்று விளங்கும். ஆய்வுக்குக் கிடைத்த பத்து ஏக்கர் நிலமோ பருத்தி போட்டுப் போட்டுச் செத்துப்போன மண். மழை அரித்த பள்ளங்கள் வேறு.

இங்கே அந்தப் பகுதி விவசாயியின் நிலையைச் சொல்ல வேண்டும். அடிமைத்தளை அறுந்ததே தவிர நிலம் கிடைக்கவில்லை. பெரும்பாலோர் வாரத்துக்கு உழுபவர்கள். விதை, உரம், மாவு, உப்பிட்ட பன்றிக்கறி எல்லாம் கடையில் கடன்; ஈடு வரப்போகும் பருத்தி. கடன் கொடுத்தவர் பருத்தியைத் தவிர வேறு பயிரை ஒப்பமாட்டார். வீட்டு வாசல் வரை பருத்தி. கீரைப் பாத்திக்குக்கூட இடம் இல்லை. அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் பாக்கிதான் மிஞ்சும்.

கார்வரும் முதலில் படித்த முறையில்தான் தொடங்கினார். 1897இல் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்குப் பலவகை உரங்களைப் பாத்தி பாத்தியாக இட்டுச் சோதித்து மறு ஆண்டு வெளியீடாகவும் போட்டார். ஆனால், கடைச் சாமானுக்கே கடன் சொல்பவனிடம் மேலும் உரம் வாங்கிப் போடு என்று சொல்வதில் என்ன பயன்? எனவே சோதனையின் கேள்வியையே அவர் மாற்றிக்கொண்டார். எந்த உரம் அதிக விளைச்சல் தரும் என்பதை விட்டு, காசு செலவில்லாமல் இந்த மண்ணை எப்படி எழுப்புவது என்று கேட்டார். மாணவர்கள் சதுப்பிலிருந்து கறுப்பு வண்டலையும் காட்டிலிருந்து இலைச் சருகையும் சுமந்து வந்து கொட்டினார்கள். ஆழ உழுது, சரிவில் தண்ணீர் ஓடாதபடி வரப்பு கட்டினார்கள். பருத்திக்குப் பதில் காராமணி. அதன் பின் சர்க்கரைவள்ளி. அதன் பிறகே பருத்தி. பயறுவகைச் செடியின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன என்பது 1880களில்தான் ஜெர்மனியில் நிரூபணமாகியிருந்தது. அன்றைய புத்தம் புது அறிவியல் அது. அதைக் காராமணி விதை வடிவத்தில் ஏழை விவசாயியின் கையில் கொடுத்தவர் கார்வர். நட்டத்தில் தொடங்கிய நிலம் சில ஆண்டுகளில் லாபம் தந்தது. 1905இல் வந்த அவருடைய ஆறாம் வெளியீடு, களைத்த மண்ணை மீட்பது பற்றியது.

வண்டல் அடிப்பதையும் பயறு விதைப்பதையும் நம் பாட்டன்மார் அறியாதவர்களா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ஏரி வண்டலும் கொழுஞ்சித் தழையும் நமக்குப் புதிதல்ல. ஆனால் கார்வர் செய்தது அதை ஆண்டுக்காண்டு செலவு எவ்வளவு, வரவு எவ்வளவு என்று எழுதி வைத்தது. பக்கத்து நிலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு கிடைத்தது.

பத்து ஏக்கரில் விளைந்தது ஊராருக்குத் தெரிய வேண்டுமே! மாதம் ஒருமுறை விவசாயிகளைக் கூட்டினார். விளைந்ததைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். விதைப் பொட்டலங்கள் கொடுத்தார். ஆனால் டஸ்கிகிக்கு வர இயலாதவர்களும் வெளியீட்டைப் படிக்கத் தெரியாதவர்களுமே அதிகம். வாஷிங்டனும் கார்வரும் கண்ட வழி, பள்ளியையே வண்டியில் ஏற்றி அனுப்புவது. நியூயார்க் வங்கியாளர் மாரிஸ் ஜெசப் பணம் கொடுத்தார். வண்டியின் அமைப்பைத் திட்டமிட்டவர் கார்வர். 1906 மே மாதம் கோவேறு கழுதை பூட்டிய அந்த வண்டி, கலப்பை, விதைப்புக் கருவி, பால் கடையும் சாதனம், விதை, உர மாதிரிகளோடு கிளம்பியது. முதல் கோடையிலேயே மாதம் 2000 பேருக்கு மேல் பார்த்தார்கள். வண்டி ஒரு பண்ணையில் நிற்கும். அக்கம் பக்கத்தார் கூடுவார்கள். அந்த விவசாயியின் மண்ணிலேயே கலப்பையை இறக்கி உழுது காட்டுவார்கள்.

இதில் இன்னொருவர் பெயரையும் சேர்க்க வேண்டும். சீமன் நாப் என்ற முதியவர் 1903இல் டெக்சாசின் டெரல் என்ற ஊரில் வால்டர் போர்ட்டர் என்பவருடைய சொந்த நிலத்தில், அவரே உழுது அவரே விதைக்க, புதிய முறைகளைச் சோதித்தார். அரசுப் பண்ணையில் என்ன விளைந்தாலும் அது அரசுப் பணம் என்று விவசாயி நகர்ந்துவிடுகிறான் என்பதை அவர் கண்டுகொண்டிருந்தார். 1906 நவம்பரில் நாப்பின் திட்டம் டஸ்கிகி வண்டியோடு இணைந்தது. கார்வரிடம் படித்த தாமஸ் கேம்பல், அமெரிக்க விவசாயத் துறையின் முதல் கறுப்பினக் களப் பணியாளராக வண்டியில் ஏறினார்.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது இதை அப்பாவிடம் சொன்னேன். செஞ்சிப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி, ஆண்டுதோறும் மல்லாட்டை. எங்கள் ஊரிலும் முன்பு ஒருமுறை சாலையோர நிலம் ஒன்றில் பலகை நட்டு, விதையும் உரமும் இலவசமாகக் கொடுத்து, அமோகமாக விளைவித்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மறு ஆண்டு பலகை மட்டும் இருந்தது. அப்பா வண்டிக் கதையை முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். புது முறை பொய்த்துப் போனால் அந்த நட்டம் யார் தலையில்?

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. திரும்பி வந்து தேடினேன். டெரலில் ஊர் வணிகர்கள் ஒன்று சேர்ந்து, போர்ட்டருக்கு நட்டம் வந்தால் ஈடு செய்ய முன்கூட்டியே நிதி உறுதி அளித்திருந்தார்கள். நிதி தேவைப்படவில்லை, நல்ல லாபம் வந்தது. அலபாமாவின் கறுப்பு வாரக்குடிக்கு அப்படி உறுதியளிக்க எந்த வணிகர் வருவார்? அந்த இடத்தில்தான் கார்வரின் சிக்கனம் எனக்குப் புரிந்தது. சருகும் வண்டலும் பொய்த்தால் போவது உடல் உழைப்பு மட்டும். காராமணி பொய்த்தாலும் ஒரு வேளைக் குழம்புக்காவது ஆகும். உழவனுக்குக் கடன் ஏறாத சோதனையை மட்டுமே அவர் பரிந்துரைத்தார்.

இதனால் அலபாமா செழித்துவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். மண்ணை எழுப்பிய பிறகு நிலக்காரர் வேறு ஆளுக்கு விட்டுவிட்டால் வாரக்குடிக்கு என்ன மிச்சம்? அந்த முடிச்சை எந்தச் சோதனைப் பாத்தியாலும் அவிழ்க்க முடியவில்லை. லட்சக்கணக்கானோர் நிலத்தை விட்டு வடக்கே தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். கார்வரும் குறையற்றவர் அல்லர். நிருவாகம் அவருக்கு வரவே வராது. கோழிப்பண்ணைக் கணக்கு விஷயத்தில் வாஷிங்டன் கடிந்துகொள்ள, இவர் வேலையை விடுவதாக மிரட்ட, 1915இல் வாஷிங்டன் மறையும் வரை இருவருக்கும் இடையே உரசல் இருந்தது.

இதற்கிடையே மெக்சிகோவிலிருந்து வந்த பருத்திக் காய்க் கூன்வண்டு 1910 வாக்கில் அலபாமாவை எட்டியது. பருத்தியை மட்டுமே நம்பியவர்கள் வேறு பயிர் தேடும் நிலை வந்தது. 1916இல் நிலக்கடலை வளர்ப்பும் அதன் 105 சமையல் முறைகளும் பற்றிய கார்வரின் வெளியீடு வந்தது. 1921இல் நாடாளுமன்றக் குழுவின் முன் கடலைக்காகப் பேசப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். கேட்கக் கேட்க நேரத்தை நீட்டித்தார்கள். அதன் பிறகு அவர் கடலை விஞ்ஞானி ஆகிவிட்டார். பத்து ஏக்கர் மறந்து போயிற்று. 1943 சனவரி 5ஆம் நாள் காலமானார். சேமிப்பு ஏறத்தாழ 60,000 டாலரும் ஆராய்ச்சிக்கே சென்றது. வாஷிங்டனின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

வண்டியோ அவருக்கு முன்பே உருமாறிவிட்டது. 1918இல் கோவேறு கழுதை போய் மோட்டார் வாகனம் வந்தது. அது தேய்ந்ததும் 1923இல் புதிய வாகனம் வந்தது. அதற்குக் காசு சேர்த்தவர்கள் அலபாமாவின் கறுப்பின விவசாயிகளே.

சென்ற ஆடியில் அப்பா வரப்போரமாகப் பத்து சென்டு மட்டும் ஒதுக்கினார். அதில் காராமணி விதைத்து, காய் பறித்த பின் செடியை மடக்கி உழுதோம். அடுத்துள்ள பத்து சென்டில் வழக்கம்போல மல்லாட்டை. வரும் ஆடியில் இரண்டிலும் மல்லாட்டைதான். நான் அப்போது இந்தக் கல்லூரியில் இருக்க மாட்டேன். இரண்டையும் தனித்தனியாகப் பிடுங்கி, காய வைத்து, தனித்தனியாக நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.