பிரேக் பிடித்த போலீஸ்காரர்

காவல்துறையில் முப்பது வருஷம் ஓட்டியவன் நான். புதுசாகச் சேரும் பையன் சட்டப் புத்தகத்தைப் பார்த்துப் பழகுவதில்லை. பக்கத்தில் நிற்கிற ஏட்டய்யாவைப் பார்த்துத்தான் பழகுகிறான். அவர் கை நீட்டினால் இவனும் நீட்டுவான். இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அமெரிக்கரான ஆகஸ்ட் வோல்மர்.

1876இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர், கல்லூரியில் படித்ததில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லியில் தபால்காரராக இருந்தபோது, 1904இல், பயணிகள் ரயிலை நோக்கித் தானே உருண்டோடிய சரக்கு வண்டியில் தாவி ஏறி பிரேக் போட்டு நிறுத்தினார். மறு வருஷமே ஊர்மக்கள் தேர்தலில் அவரைக் காவல் தலைவராக்கினார்கள்.

துணிச்சல்காரர்தான், ஆனால் முரட்டுத்தனத்தைத் துணிச்சல் என்று அவர் எண்ணவில்லை. அடித்து உதைத்து வாக்குமூலம் வாங்குவது அங்கே அன்று சர்வ சாதாரணம். தம் காவலர்களுக்கு அதைத் தடை செய்தார். 1908இல் காவலர் பள்ளி தொடங்கி, தடயம் தேடவும் பொறுமையாக விசாரிக்கவும் பழக்கினார். பல்கலைக்கழக மாணவர்களையும் காவலர்களாகச் சேர்த்தார்.

1923இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அவரை அழைத்தது. ஒரே வருஷம்தான் இருந்தார். அவர் கிளம்பியதும் பழைய குருடி கதவைத் திறடி! மேலிருந்து போட்ட உத்தரவு நிற்கவில்லை. பெர்க்லியில் வளர்த்த ஆட்கள் நின்றார்கள். 1921இல் மாணவராகச் சேர்ந்த ஓ. டபிள்யூ. வில்சன், 1928இல் விசிட்டாவிலும், 1960இல் ஊழலில் நாறிய சிகாகோவிலும் காவல் தலைவராகிச் சீர்திருத்தம் செய்தார். வோல்மர் 1955இல் காலமாகிவிட்டிருந்தார்.

காக்கி உடுத்த நினைக்கும் தம்பி தங்கைகளே, நாளைக்கு உங்களைப் பார்த்தும் ஒருவர் பழகுவார். அதை மறக்காதீர்கள்.