அச்சு முறியும் வரை எண்ணியவர்

இம்மாத அறிஞர் ஆகஸ்ட் வோலர். யூரியா தயாரித்த வோலர் வேறு, இவர் வேறு. இவரைப் பற்றி நான் தேடிப் படிக்கக் காரணம் எங்க அப்பா.

அப்பா சிப்காட்டில் மெஷின் ஆபரேட்டர். போன மாதம் நைட் ஷிப்டில் ஒரு ஷாஃப்ட் டப்புன்னு முறிஞ்சு போச்சு. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஆனால் லோடு அதிகம் போட்டதால்தான் முறிந்தது என்று அப்பாவுக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். எப்பவும் போடுற லோடுதானே, அஞ்சு வருஷம் தாங்கினது இன்னிக்கு மட்டும் ஏன் தாங்கலைன்னு அப்பா புலம்பிக்கிட்டே இருந்தார்.

இதே கேள்விதான் வோலருக்கும். 1819-ல் ஜெர்மனியின் சோல்டாவ் ஊரில் ஓர் ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். பெர்லினில் ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் வேலை பழகி, 1847-ல் ஒரு ரயில்வேயின் பெட்டிகளுக்கும் பட்டறைக்கும் பொறுப்பாளர் ஆனார். அக்காலத்தில் ரயில் அச்சுகள் திடீர் திடீரென முறியும். 1842-ல் வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள்.

ரயிலில் சக்கரத்தோடு அச்சும் சேர்ந்து சுற்றும். மேலே பாரம் இருப்பதால் லேசாக வளையும். ஒவ்வொரு சுற்றிலும் அதன் மேற்பரப்பு ஒரு தடவை இழுபடும், ஒரு தடவை நசுங்கும். ஒரு மீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஓசூர் - கிருஷ்ணகிரி தூரம், அதாவது சுமார் 50 கி.மீ. ஓடினால் கிட்டத்தட்ட 16,000 சுற்று. கணக்குப் போட்டுப் பாருங்க!

வோலர் ஓடும் ரயிலிலேயே அச்சின் வளைவை அளந்தார். பிறகு தனி மெஷின் செய்து, இரும்பைப் பாரத்தோடு சுற்றவிட்டு, முறியும் வரை எண்ணினார். சிலது கோடி சுற்றையும் தாண்டியது. 1870 வரை இதே வேலை. (எனக்குப் பத்து கணக்குக்கே பொறுமை போயிடும்.) ஒரு தடவையில் முறிக்காத பாரம் லட்சம் தடவையில் முறிக்கும், பாரம் குறையக் குறைய ஆயுள் கூடும், கூர்மையான மூலை இருந்தால் சீக்கிரம் முறியும். இதெல்லாம் அவர் கண்டது. 1914-ல் ஹானோவரில் 94 வயதில் மறைந்தார்.

விரிசல் எப்படிப் பிறக்கிறது என்பதை 1903-ல் இங்கிலாந்தில் யூவிங், ஹம்ஃப்ரி இருவரும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். இரும்பின் சிறு படிக மணிகளுக்குள் மெல்லிய கோடுகள் தோன்றி, பட்டையாகி, விரிசலாகின்றன. குட்டி விரிசல் பக்கத்து மணியின் எல்லையில் தயங்கும், சில சமயம் நின்றே விடும், தாண்டினால் ஓடும். அதனால் பெரிய விரிசலின் கணக்கு அதற்குச் சரிப்பட்டு வராது. கண்ணுக்குத் தெரிவதற்குள் பெரும்பாலும் பாதி ஆயுளுக்கு மேல் முடிந்திருக்கும்.

அந்த ஷாஃப்ட் துண்டை அப்பா ஸ்கிராப்பிலிருந்து கேட்டு வாங்கி வந்தார். இயற்பியல் ஆய்வகத்தில் வைத்திருக்கிறேன், லென்ஸில் பாருங்க. கீ-வே மூலையில் தொடங்கி, மணலில் அலை விட்டுப்போன தடம் மாதிரி வளைவு வளைவாகக் கோடுகள் போகும். கடைசியில் கொஞ்ச இடம்தான் சொரசொரப்பு. அன்னிக்கு ராத்திரி முறிந்தது அவ்வளவுதான். மெமோவுக்குப் பதிலில் அப்பா இதைத்தான் படம் வரைந்து கொடுத்திருக்கிறார்.