பிறப்புச் சான்றிதழ் போதாது

கடந்த ஆண்டு என் பேரன் 'அல்சேஷன்' நாய்க்குட்டி வேண்டும் என்று கேட்டான். விற்பனையாளர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். குட்டியின் தந்தை கண்காட்சிகளில் வென்ற கோப்பைகளின் படங்களை அவர் காட்டினார். அந்த நாய் ஏதேனும் பயிற்சி பெற்றதா, அந்நியரைக் கண்டால் எப்படி நடந்துகொள்ளும் என்று கேட்டேன். பதில் இல்லை, விலை மட்டும் சொன்னார். பொருளின் உண்மைத் தரத்தை வாங்குபவர் அறிய முடியாத சந்தையில் தோற்றமே தரமாகிவிடும் என்று வகுப்பறையில் பல ஆண்டுகள் விளக்கியவன் நான். அன்று அதை நேரில் கண்டேன்.

அதே நாயினத்தை உருவாக்கியவர் இந்தச் சிக்கலுக்கு நூறாண்டுகளுக்கு முன்பே ஒரு தீர்வு கண்டிருந்தார். அவர் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ். 1864-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தவர், குதிரைப்படை அதிகாரி. பெர்லின் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய காலத்தில் விலங்குகளின் உடலமைப்பையும் இயக்கத்தையும் கற்றார். ஆட்டு மந்தைகளைக் காக்கும் மேய்ப்பு நாய்களின் அறிவுக்கூர்மை அவரைக் கவர்ந்தது.

1899-இல் கார்ல்ஸ்ரூஹே நகரில் நடந்த கண்காட்சியில் ஹெக்டர் லிங்க்ஸ்ரைன் என்ற நாயைக் கண்டு வாங்கினார். ஹோராண்ட் ஃபான் கிராஃப்ராத் எனப் பெயர் மாற்றினார். அதே ஆண்டு ஏப்ரல் 22-இல் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களுக்கான சங்கம் தொடங்கப்பட்டது. அதன் பதிவேட்டில் முதல் எண் ஹோராண்டுக்கு உரியது.

தொழில்மயம் பெருகி, மேய்ச்சல் சுருங்கிக்கொண்டிருந்த காலம் அது. வேலை போனால் நாய் வெறும் அலங்காரப் பொருளாகிவிடும் என்று ஸ்டெஃபானிட்ஸ் அஞ்சினார். காவல்துறைக்கும் இராணுவத்துக்கும் இந்த நாய்களைப் பயன்படுத்த வலியுறுத்தினார். மோப்பம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு ஆகிய மூன்றிலும் நாயைச் சோதிக்கும் 'ஷூட்ஸ்ஹுண்ட்' தேர்வு அவருடைய சங்கத்தின் சூழலில் வளர்ந்தது. இன்று பல நாடுகளில் விளையாட்டாக நடைபெறும் இது, இனப்பெருக்கத்துக்குத் தகுதியான நாய் எது எனக் கண்டறியும் உரைகல்லாகவே பிறந்தது.

இத்தேர்வுக்கான பயிற்சி குட்டிப் பருவத்திலேயே தொடங்குகிறது. தரையில் இழுபடும் துணியைத் துரத்திப் பிடிப்பது முதல் பாடம். வாய் நிறையக் கவ்வினால் துணி குட்டிக்கே சொந்தம். அதில் அதன் தன்னம்பிக்கை வளர்கிறது. பால்பற்கள் விழும் பருவத்தில் நல்ல பயிற்சியாளர் இழுப்பு விளையாட்டை நிறுத்திவைப்பார். வளர்ந்தபின், பயிற்சி உதவியாளரின் கையில் உள்ள தடித்த உறையைக் கவ்வ வேண்டும். கட்டளை கேட்டதும் விட வேண்டும். கவ்வத் தெரிந்து விடத் தெரியாத நாய் தோற்றுப்போகும். வெறிகொண்ட நாயை உருவாக்குவது இதன் நோக்கமன்று. தன்னடக்கமுள்ள துணிவே இங்கு அளக்கப்படுகிறது.

சந்தையோ வேறு திசையில் சென்றது. முதல் உலகப் போருக்குப் பின் இந்த நாய்களுக்கு உலகெங்கும் தேவை பெருகியது. கண்காட்சி நாய்கள் உயரமாகவும் பருமனாகவும் மாறின, குணம் கெட்டது. 1925-இல் ஸ்டெஃபானிட்ஸ், உயரம் குறைந்த, உடல் நீண்ட குளோடோ ஃபோம் பாக்ஸ்பெர்க் என்ற நாய்க்கு முதலிடம் அளித்து இனத்தின் போக்கையே திருப்பினார்.

இத்துடன் நிறுத்தினால் இது வெறும் புகழுரையாகிவிடும். நாய்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூலில் யூதர்மீதான காழ்ப்பும் உண்டு. நாய்க்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது, உழைப்பும் குணமும் வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதிட்டவர், மனிதரை மட்டும் பிறப்பால் எடைபோட்டார். பிறப்பையே அளவுகோலாக்கிய நாஜி ஆட்சி ஜெர்மனியில் எழுந்தது. அதன் நெருக்கடியில் தாம் வளர்த்த சங்கத்தின் தலைமையை அவரே இழந்தார். 1936 ஏப்ரல் 22 அன்று, சங்கம் பிறந்த அதே நாளில், டிரெஸ்டனில் மறைந்தார்.

அவருடைய தேர்வு இன்றும் பயன் தருகிறது. அவருடைய காழ்ப்பை நாம் நிராகரிக்க வேண்டும். இரண்டையும் ஒருசேரச் சொல்வதுதான் நேர்மையான வரலாறு. தாம் கண்ட உண்மையைத் தம் சக மனிதருக்குப் பொருத்திப் பார்க்க மறந்த அறிஞர்கள் எல்லாத் துறைகளிலும் உண்டு. என் துறையும் விதிவிலக்கன்று.

அன்று நாங்கள் குட்டி வாங்காமல் திரும்பினோம். வழியில் பேரன் காரணம் கேட்டான். அதன் தந்தை யார் என்று அவர் சொன்னார், அது எப்படிப்பட்டது என்று சொல்லவில்லை என்றேன். சற்று யோசித்துவிட்டு, மனிதர்களிடமும் அப்படித்தான் கேட்க வேண்டுமா தாத்தா என்றான். ஆம் என்றேன்.