மூன்றடித் துணி

இன்று கூலாயில் ஆறாம் படிவமோ மெட்ரிகுலேசனோ முடித்த ஒரு மாணவர், மருத்துவக் கருவிகளை வடிவமைக்கும் துறையில் பட்டம் பெற விரும்பினால் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பக்கத்து ஊரான ஸ்கூடாயில், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலேயே உயிர்மருத்துவப் பொறியியல் கற்பிக்கப்படுகிறது. இணையம்வழி விண்ணப்பித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கலாம். அந்தக் காத்திருப்பு எளிதன்று என்பது விண்ணப்பித்தவர்களுக்குத் தெரியும். ஆயினும், 1896ஆம் ஆண்டு பினாங்கில் பதினேழு வயது மாணவர் ஒருவருக்கு இந்த வாய்ப்புக்கூட இருக்கவில்லை. மலாயாவில் அப்போது பல்கலைக்கழகமே இல்லை. சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டதே 1905ஆம் ஆண்டில்தான். மருத்துவம் படிக்க வேண்டுமானால் கப்பலேறிக் கடல் கடக்க வேண்டும். அதற்குக் கையில் நிறையப் பணம் வேண்டும்.

அம்மாணவரின் தந்தையார் சீனாவின் தைஷான் வட்டாரத்திலிருந்து பினாங்கிற்கு வந்து குடியேறிய பொற்கொல்லர். வீட்டில் பிள்ளைகளோ பலர். அத்தகைய குடும்பத்தில் 1879 மார்ச் 10ஆம் நாள் பிறந்த மகனுக்கு ஙோ லியென் தக் என்று பெயரிட்டனர். பிற்காலத்தில் உலகம் அவரை டாக்டர் வூ லியென் தே என்று அறிந்துகொண்டது. பினாங்கு ஃபிரீ பள்ளியில் அவர் பயின்றார்.

நீரிணைக் குடியேற்ற மாணவர்களுக்கு அக்காலத்தில் ஒரே ஒரு வாசல்தான் திறந்திருந்தது. அதுவே பிரிட்டிஷ் அரசியாரின் பெயரால் வழங்கப்பட்ட உபகாரச் சம்பளம். போட்டித் தேர்வில் முதன்மை பெறும் மிகச் சிலருக்கு மட்டுமே அது கிட்டும். கிட்டியவர் பிரிட்டனில் பட்டப்படிப்பு மேற்கொள்ளலாம். லியென் தக் 1896இல் அதனை வென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இம்மானுவேல் கல்லூரியில் சேர்ந்தார். அப்பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற முதல் சீன வம்சாவளி மாணவர் அவரே. பின்னர் லண்டன் செயிண்ட் மேரி மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். அதன்பின் லிவர்பூலிலும் ஜெர்மனியின் ஹாலேயிலும் பாரிஸின் பாஸ்டர் கழகத்திலும் நுண்ணுயிரியலைக் கற்றார். பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளைக்கு இது பெரும்பேறுதான்.

ஆனால், பட்டம் பெற்றவுடன் எல்லா வாசல்களும் திறந்துவிடவில்லை. 1903இல் மலாயாவிற்குத் திரும்பியபோது, அரசாங்க மருத்துவச் சேவையின் உயர்பதவிகள் பிரிட்டிஷாருக்கு மட்டுமே உரியனவாக இருந்தன. கேம்பிரிட்ஜில் அவருடன் ஒரே வகுப்பில் அமர்ந்தவர்களுக்குக் கிடைக்கக்கூடிய பதவி, பிறப்பின் காரணமாகவே அவருக்குக் கிடைக்காது. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் ஓராண்டுக்கும் மேலாகப் பெரிபெரி நோயைப் பற்றி ஆராய்ந்தார். பிறகு பினாங்கு சூலியா சாலையில் சொந்தமாக மருந்தகம் திறந்தார்.

அபின் பழக்கத்தால் குடும்பங்கள் சீரழிவதை அங்கே அவர் நாள்தோறும் கண்டார். அதற்கு எதிராக இயக்கம் நடத்தினார். அபின் வரியோ அரசாங்கத்திற்குப் பெரும் வருமானம். வணிகர்களுக்கோ அது இலாபம். இரு தரப்பினரும் அவரை விரும்பவில்லை. அவருடைய மருந்தகம் சோதனையிடப்பட்டது. மருந்தாகப் பயன்படுத்த வைத்திருந்த சிறிதளவு அபின் கரைசல் அங்கே கிடைத்தது. அபினை எதிர்த்தவரே அபின் வைத்திருந்த குற்றத்திற்காகத் தண்டம் கட்ட நேர்ந்தது. இந்நிலையில் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. 1908இல் அவர் தியென்சினில் இருந்த இராணுவ மருத்துவக் கல்லூரியின் துணை இயக்குநராகப் பொறுப்பேற்றார். மலாயா அவரை இழந்தது.

1910ஆம் ஆண்டு இறுதியில், சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியாவில் இனந்தெரியாத நோயொன்று பரவியது. முதலில் காய்ச்சலும் இருமலும் வரும். பிறகு எச்சிலில் இரத்தம் கலந்து வரும். ஓரிரு நாளில் உயிர் பிரியும். நோய் கண்டவர்களில் பிழைத்தவர் எவருமில்லை என்றே சொல்லலாம். அக்காலத்தில் அந்நோயைக் குணப்படுத்தும் மருந்தும் இல்லை. தார்பகான் என்ற மலையணிலின் தோலுக்காக வேட்டையாடியவர்களிடையே தொடங்கிய நோய், இரயில் பாதை வழியாக ஹார்பின் நகரை அடைந்தது. சீனப் புத்தாண்டு நெருங்கிக் கொண்டிருந்ததால் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சொந்த ஊர்களுக்குப் புறப்பட ஆயத்தமாயினர். அவர்களோடு நோயும் பயணம் செய்யும் என்பதே பேரச்சம்.

டிசம்பர் 24ஆம் நாள் வூ ஹார்பினில் வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது 31. கையில் ஒரு நுண்ணோக்கியும் துணைக்கு ஒரு மருத்துவ மாணவரும் இருந்தனர். வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 30 பாகை வரை இறங்கியிருந்தது. ஹார்பினை ஒட்டிய ஃபூஜியாதியன் என்ற சீனக் குடியிருப்பில் ஏறத்தாழ 24,000 பேர் நெருக்கியடித்து வாழ்ந்தனர். குளிருக்கு அஞ்சி எல்லாரும் கதவையும் சாளரத்தையும் அடைத்துக்கொண்டு ஒரே அறையில் உறங்கினர். இது நோய்க்கு மிகவும் வசதியாகப் போயிற்று.

மூன்று நாள்களுக்குப் பிறகு, நோயால் இறந்த ஜப்பானியப் பெண்மணி ஒருவரின் உடலை வூ அறுத்து ஆராய்ந்தார். சீனாவில் இறந்தோர் உடலைத் தொட்டறுப்பது பெரும் அவமரியாதையாகக் கருதப்பட்ட காலம் அது. ஆகவே, அந்த ஆய்வு ஓசையின்றி நடைபெற்றது. எடுத்த மாதிரிகளில் பிளேக் கிருமிகள் நிறைந்திருந்தன.

பிளேக் என்றாலே அக்கால மருத்துவர்களுக்கு எலிதான் நினைவுக்கு வரும். எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சி மனிதரைக் கடித்தால் நோய் தொற்றும். அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டும். பம்பாயிலும் ஹாங்காங்கிலும் பரவியது இவ்வகைப் பிளேக்கே. ஹார்பினிலோ எவருக்கும் நெறி கட்டவில்லை. எலிகளை அறுத்துப் பார்த்தும் அவற்றில் கிருமி தென்படவில்லை. கிருமி இருந்த இடம் நோயாளியின் நுரையீரல். ஆகவே, இது மனிதரிடமிருந்து நேரே மனிதருக்கு மூச்சின் வழியாகவும் இருமலின் வழியாகவும் தாவும் நோய் என்ற முடிவுக்கு வூ வந்தார். எலியை ஒழிப்பதால் பயனில்லை; மூச்சைத் தடுத்துக் காக்க வேண்டும்.

முடிவைச் சொல்வது எளிது. அதற்குரிய கருவியை உருவாக்குவதே கடினம். ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் 1897 முதலே மெல்லிய துணியால் வாயை மூடிக்கொள்ளத் தொடங்கியிருந்தனர். ஆனால், அது மருத்துவரின் எச்சில் நோயாளியின் புண்ணில் விழாமல் தடுப்பதற்கு. இங்கே தேவைப்பட்டது அதற்கு நேர்மாறானது. அதுமட்டுமன்று. அக்கருவி ஆயிரக்கணக்கில் வேண்டும். அதுவும் நாளையே வேண்டும். விலை சில காசுகளைத் தாண்டக்கூடாது. தையல் தெரியாதவரும் அதனைச் செய்ய வேண்டும். முகம் எந்த அளவில் இருந்தாலும் அது பொருந்த வேண்டும். காற்றில் பறந்துவிடவும் கூடாது. இன்றைய வடிவமைப்பு மாணவர்கள் வகுப்பில் முதலில் எழுதப் பழகும் தேவைப் பட்டியலும் இத்தகையதே.

வூ கண்ட தீர்வு வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. காயத்திற்குக் கட்டும் வலைத்துணி கடையில் 9 அங்குல அகலத்தில் கிடைக்கும். அதில் மூன்றடி நீளத்திற்கு, அதாவது 36 அங்குலத்திற்கு, ஒரு துண்டு வெட்ட வேண்டும். அதை நீளவாக்கில் இரண்டாக மடித்தால் அகலம் நாலரை அங்குலமாகும். மடிப்பின் நடுவே 6 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் கொண்ட பஞ்சுப் பட்டையை வைக்க வேண்டும். பிறகு துணியின் இரு முனைகளிலிருந்தும் 15 அங்குல நீளத்திற்கு இரண்டிரண்டு வெட்டுகள் வெட்டினால், ஒவ்வொரு பக்கமும் மூன்று வால்கள் உண்டாகும். ஒரு வால் காதுக்கு மேலே, ஒன்று காதுக்குக் கீழே, ஒன்று உச்சந்தலைக்கு. அவற்றை இழுத்துக் கட்டினால் மூக்கும் வாயும் பஞ்சுக்குள் அடங்கிவிடும். கணக்கைக் கூட்டிப் பாருங்கள்: 15, 6, 15. மொத்தம் 36. ஒரு நூலும் வீணாகவில்லை. ஊசியில்லை, நூலில்லை, பொத்தானில்லை. கத்தரிக்கோல் ஒன்றே போதும்.

இந்த முகக்கவரியை எல்லாரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. ஜெரால்டு மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர் தியென்சினிலிருந்து ஹார்பினுக்கு வந்தார். வயதிலும் பதவியிலும் மூத்தவர். பிளேக் நோயைக் கையாண்ட அனுபவமும் அவருக்கு இருந்தது. மூச்சுவழி பரவுகிறது என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. வூவைக் கடிந்து பேசியதோடு, சீனர் என்பதைச் சுட்டியும் இழிவாகப் பேசினார் என்று வூ தம் வாழ்க்கை நூலில் குறிப்பிட்டுள்ளார். வூ எதிர்த்துச் சண்டையிடவில்லை. பதவி விலக முன்வந்து மேலிடத்திற்குத் தந்தி அனுப்பினார். மேலிடம் இளைய மருத்துவரையே ஆதரித்தது. சினம் தணியாத மெஸ்னி, ஜனவரி 5ஆம் நாள் இரஷ்ய மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்வையிடச் சென்றார். வெள்ளை அங்கியும் கையுறையும் அணிந்திருந்தார், முகக்கவரி அணியவில்லை. ஜனவரி 11ஆம் நாள் அவர் இறந்தார்.

திறமையும் துணிவும் மிக்க ஒரு மருத்துவரின் சாவு அது. அதில் வூவுக்கு வெற்றி என்று மகிழ ஒன்றுமில்லை. ஆனால், அச்செய்தி பரவியதும் நகரமே முகக்கவரியைத் தேடத் தொடங்கியது. காவலர், வண்டியோட்டி, கூலியாள் என எல்லார் முகத்திலும் வெள்ளைத் துணி ஏறியது. சிலர் அதைக் கழுத்தில் தாயத்துபோலத் தொங்கவிட்டுக் கொண்டதும் உண்டு! அத்தகைய காட்சியை நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் நம் நாட்டிலும் கண்டோம்.

துணி மட்டும் நோயை நிறுத்திவிடவில்லை. மருத்துவப் பணியாளர்களிலும் பலர் மாண்டனர். ஆகவே, வூ ஊரையே நான்கு பகுதிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு பகுதியினரும் தத்தம் நிறப் பட்டையைக் கையில் அணிய வேண்டும். அனுமதியின்றிப் பகுதி தாண்டக்கூடாது. படைவீரர்கள் எல்லையைக் காத்தனர். நோயாளியுடன் பழகியவர்களைத் தங்கவைக்க இரயில் பெட்டிகளை இரஷ்யரிடம் இரவல் பெற்றார். இரயில் பயணத்திற்கும் கட்டுப்பாடு வந்தது. அப்படியிருந்தும் ஜனவரி இறுதியில் ஒரே நாளில் 180 பேருக்கு மேல் இறந்தனர்.

ஒரு நாள் வூ இடுகாட்டைப் பார்வையிடச் சென்றார். நிலம் பாறைபோல் உறைந்திருந்ததால் குழி தோண்ட இயலாமல், ஏறக்குறைய 2,000 சவப்பெட்டிகளும் உடல்களும் பனியில் வரிசையாகக் கிடந்தன. பனி உருகினால் என்னவாகும்? எலிகள் அங்கே வந்தால் என்னவாகும்? எரிப்பதொன்றே வழி. ஆனால், முன்னோரைப் போற்றும் சீனப் பண்பாட்டில் உடலை எரிப்பது பெரும் பாவம். தம் மக்களின் மனத்தைப் புண்படுத்தும் செயல் என்பதை வூ நன்கு அறிவார். அதனால் தாமே ஆணையிடாமல், ஊர்ப் பெரியவர்களையும் அதிகாரிகளையும் அழைத்துச் சென்று அக்காட்சியைக் காட்டினார். பிறகு பேரரசின் அனுமதியைக் கோரி விண்ணப்பித்தார். அவர் வாழ்வில் பள்ளிப் பருவத்தில் எழுதிய விண்ணப்பத்தைவிட இது கடினமானது. சில நாள்களில் அனுமதி வந்தது. சீனப் புத்தாண்டுக்கு மறுநாளான 1911 ஜனவரி 31இல் உடல்கள் எரியூட்டப்பட்டன. அன்றிலிருந்து சாவு எண்ணிக்கை குறைந்தது. மார்ச் 1ஆம் நாளுக்குப் பிறகு ஃபூஜியாதியனில் புதிய நோயாளி எவருமில்லை.

மஞ்சூரியாவில் அந்தக் குளிர்காலத்தில் மாண்டவர்கள் ஏறத்தாழ 60,000 பேர். ஏப்ரல் மாதத்தில் முக்டென் நகரில் பதினொரு நாடுகளின் அறிவியலாளர்கள் கூடி மாநாடு நடத்தினர். அதற்குத் தலைமை தாங்கியவர், மலாயாவில் உயர்பதவிக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட அதே பினாங்குக்காரர்.

அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் சீனாவின் பொதுச் சுகாதாரத்திற்கே உழைத்தார். மஞ்சூரியாவில் பிளேக் தடுப்புச் சேவையை நடத்தினார். 1915இல் சீன மருத்துவச் சங்கம் தோன்றத் துணைநின்றார். துறைமுகங்களில் நோய்த்தடுப்புச் சேவையை அமைத்தார். 1935இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை.

1937இல் ஜப்பானியர் ஷங்காயைத் தாக்கியபோது தம் வீட்டை இழந்து, முப்பதாண்டுகளுக்குப் பின் மலாயாவிற்கே திரும்பினார். ஈப்போவில் சிறியதொரு மருந்தகம் திறந்து, முதுமையிலும் நோயாளிகளைப் பார்த்து வந்தார். பன்னாட்டு மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர், சந்தைத் தொழிலாளிக்கும் சுரங்கக் கூலிக்கும் மருந்து கொடுத்துக் கொண்டிருந்தார். தம் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1959இல் வெளியிட்டார். மறு ஆண்டு ஜனவரி 21ஆம் நாள், எண்பதாம் வயதில், பினாங்கில் காலமானார். அவர் பயின்ற பினாங்கு ஃபிரீ பள்ளிக்கு அருகில் ஒரு குடியிருப்புப் பகுதி இன்று தாமான் வூ லியென் தே என்று அழைக்கப்படுகிறது.