பிஷப் ஹீபர்: ஈஸ்டருக்கு மனைவியைப் பிரிந்து கல்பாக்கம் கரை வழியே போனவர்

திருச்சியில் ஆட்டோ ஓட்டுநரிடம் ‘ஹீபர் காலேஜ்’ என்றால் போதும், கொண்டு போய் விட்டுவிடுவார். ஆனா, அந்த ஹீபர் யார் என்று கேட்டால் அங்கே படித்தவர்களில்கூட பலர் யோசிப்பார்கள். ஏதோ வெள்ளைக்காரப் பாதிரியார் என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ரெஜினால்ட் ஹீபர் தமிழ்நாட்டில் இருந்தது மொத்தமே ஆறு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1826 பிப்ரவரி 25-ல் சென்னையில் கப்பலை விட்டு இறங்கினார். ஏப்ரல் 3-ல் திருச்சியில் இறந்து போனார். நடுவில், இன்று அணுமின் நிலையம் இருக்கிற கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினம் வழியாகத் தஞ்சாவூருக்குப் பயணம் போனார். ஈஸ்டர் பண்டிகைக்கு அங்கே இருக்க வேண்டும் என்பது திட்டம். மனைவி அமீலியாவும் இரண்டு பெண் குழந்தைகளும் கல்கத்தாவில் இருந்தார்கள்.

வெளிநாட்டில் வேலை பார்க்கிற குடும்பங்களுக்குப் பண்டிகை நாள் எப்படி இருக்கும் என்பது இன்றைக்குத் தமிழர்களுக்கும் நல்லா தெரியும். வீடியோ காலில் பொங்கல் கொண்டாடுகிறோம். 200 வருஷத்துக்கு முன்பு கடல் கடந்து வந்த ஒரு தம்பதி இதை எப்படிச் சமாளித்தது? ஹீபரின் வாழ்க்கையை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொரு மனிதர் தெரிகிறார்.

யார் இந்த ஹீபர்?

1783 ஏப்ரல் 21-ல் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் மால்பஸ் என்ற ஊரில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கும்போதே கவிதைக்காகப் பரிசு வாங்கிப் பேர் எடுத்தவர். பிறகு ஷ்ரோப்ஷயரில் ஹாட்நெட் என்ற கிராமத்தில் பாதிரியார் ஆனார். 1809-ல் அமீலியா ஷிப்லியைத் திருமணம் செய்தார். அவரும் திருச்சபைக் குடும்பத்துப் பெண்தான். அப்பா, வேல்ஸில் ஒரு பேராலயத்தின் டீன்.

கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லை. பிறகு பிறந்த முதல் பெண் குழந்தை சில மாதங்களிலேயே இறந்துவிட்டது. 1821-ல் எமிலி பிறந்தாள்.

இந்த நேரத்தில்தான் கல்கத்தா பிஷப் பதவி தேடி வந்தது. அந்தப் பதவியில் இருந்த மிடில்டன் 1822-ல் கல்கத்தாவிலேயே இறந்திருந்தார். ஹீபருக்கு இந்தியா மேல் ஆசை இருந்தது, ஆனாலும் முதலில் வேண்டாம் என்றே சொன்னார். மனைவியையும் கைக்குழந்தையையும் அந்த வெயிலுக்கு எப்படிக் கூட்டிப் போவது என்பதுதான் அவருடைய தயக்கம். கடைசியில் மனம் மாறி ஒத்துக்கொண்டார்.

1823 ஜூன் 16-ல் குடும்பத்தோடு கப்பல் ஏறினார்கள். கல்கத்தா வந்து சேர்ந்தது அக்டோபர் 10. கிட்டத்தட்ட நாலு மாதம். கடிதமும் இதே கடல் வழியாகத்தான் வந்தாகணும். ஊரில் டிசம்பர் மாதம் எழுதிய கிறிஸ்துமஸ் வாழ்த்து, கல்கத்தாவில் சித்திரை வெயில் கொளுத்தும்போது கைக்குக் கிடைக்கும்.

ஆறு பண்டிகைகளில் மூன்று

கல்கத்தா பிஷப் என்றால் கல்கத்தா நகரத்துக்கு மட்டும் பொறுப்பு என்று நினைத்துவிடக் கூடாது. ஆங்கிலேயத் திருச்சபையின் கணக்கில் இந்தியா முழுவதும், இலங்கை, ஆஸ்திரேலியா எல்லாம் அந்த ஒருவரின் கீழ்தான் வந்தன. ரயில் கிடையாது. படகு, குதிரை, பல்லக்கு, இல்லாவிட்டால் கடல். சுற்றுப்பயணம் போனால் மாதக்கணக்காகும்.

ஹீபர் இந்தியாவில் இருந்தது இரண்டரை வருஷம். அதில் மூன்று கிறிஸ்துமஸ், மூன்று ஈஸ்டர் வந்தன. 1823 கிறிஸ்துமஸ், கல்கத்தாவில் குடும்பத்தோடு. அடுத்த மாதமே இரண்டாவது மகள் ஹாரியட் பிறந்தாள். 1824 ஈஸ்டரும் குடும்பத்தோடுதான்.

1824 ஜூன் 15-ல் வட இந்தியப் பயணம் கிளம்பினார். அமீலியாவால் போக முடியவில்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்தப் பயணம் ஆகாது. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு ஹீபர் மீரட்டில் இருந்தார், மனைவி கல்கத்தாவில். 1825 ஈஸ்டரும் பிரிவில்தான் போனது. அந்த ஏப்ரலில் பம்பாய் போய்ச் சேர்ந்தார். ஒரு வாரம் கழித்து அமீலியா மூத்த மகளோடு கப்பலில் வந்து இறங்கினார். சின்னவள் ஹாரியட்டை அத்தனை தூரம் கொண்டுவர முடியவில்லை. இலங்கையையும் பார்த்துவிட்டு அக்டோபரில் வீடு திரும்பியபோது, ஹீபர் அந்தக் குழந்தையைப் பார்த்து 16 மாதங்கள் ஆகியிருந்தன. விட்டுப் போகும்போது தவழாத பிள்ளை, இப்போ நடக்கிற வயசு.

1825 கிறிஸ்துமஸ்தான் நாலு பேரும் ஒரே வீட்டில் இருந்த கடைசிப் பண்டிகை. 1826 ஜனவரி 30-ல் தெற்கே கிளம்பிவிட்டார். கோடை வருகிறது, குழந்தைகளுக்கு ஆகாது என்பதால் அமீலியா மறுபடியும் கல்கத்தாவிலேயே தங்கினார்.

மாமல்லபுரமும் சதுரங்கப்பட்டினமும்

சென்னையில் கவர்னர் தாமஸ் மன்றோவைச் சந்தித்து, தேவாலயங்களில் பிரசங்கம் செய்து, மார்ச் 13-ல் அங்கிருந்து புறப்பட்டார். கூட வந்தவர்கள் அவருடைய குருவானவர் தாமஸ் ராபின்சனும் ஒரு மருத்துவரும். வெயில் ஏறுவதற்கு முன் விடியற்காலையில் நகர்வது, பகலில் கூடாரத்தில் ஒதுங்குவது. இதுதான் அன்றைய வழக்கம்.

கடற்கரை வழியில் முதல் பெரிய நிறுத்தம் மாமல்லபுரம். கடலுக்குள் மூழ்கிப்போன நகரம் என்று அந்த ஊரைப் பற்றிய கதை இங்கிலாந்தில் ஏற்கெனவே பிரபலம். ராபர்ட் சௌதி 1810-ல் வெளியிட்ட ‘கெஹாமாவின் சாபம்’ என்ற நீண்ட கவிதையிலும் அந்த நகரம் வரும். அதைப் படித்த தலைமுறையைச் சேர்ந்தவர் ஹீபர். பாறைச் சிற்பங்களையும் குடைவரைகளையும் நேரில் பார்த்துக் குறிப்பு எழுதினார்.

அடுத்தது சதுரங்கப்பட்டினம். ஆங்கிலேயர் வாயில் அது ‘சட்ராஸ்’. மஸ்லின் துணிக்குப் பேர் போன டச்சு வணிகத் தலம். 1824-ல் பிரிட்டனும் நெதர்லாந்தும் செய்த ஒப்பந்தப்படி, மறு வருஷம் அந்த ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்துவிட்டது. ஆக, ஹீபர் வந்து நின்றபோது டச்சுக்கொடி இறங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஊர் பெரிசு, ஆனா நொடித்துப் போயிருந்தது. வியாபாரம் போன பிறகும் ஊரை விட்டுப் போகாத டச்சு வம்சாவளிக் குடும்பங்கள் சில அங்கேயே ஏழ்மையில் இருந்தன. அவர்களைப் பற்றியும் அவர் எழுதி வைத்தார். சொந்த ஊர் என்று திரும்பிப் போக அவர்களுக்கு இனி ஒரு இடம் இல்லை.

இன்றைக்கும் கல்பாக்கம் போகிறவர்கள் சதுரங்கப்பட்டினம் கோட்டையையும், உள்ளே இருக்கும் டச்சுக் கல்லறைகளையும் பார்க்கலாம். கடல் தாண்டி வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போவதில்லை என்பதை அந்தக் கல்லறைகள் அன்றே சொல்லிக்கொண்டிருந்தன.

தஞ்சாவூரில் ஈஸ்டர்

கடலூர், சிதம்பரம், கும்பகோணம் வழியாக மார்ச் 25 சனிக்கிழமை தஞ்சாவூர் சேர்ந்தார். மறுநாள் ஈஸ்டர். ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் உருவாக்கிய சபை அது. ஈஸ்டர் அன்று அவர் பிரசங்கம் கேட்க 1,300 பேருக்கு மேல் கூடினார்கள். காலையில் ஆங்கில ஆராதனை, மாலையில் தமிழ் ஆராதனை. தமிழ் தெரியாத பிஷப், ஆசீர்வாத வார்த்தைகளை மட்டும் கற்றுக்கொண்டு தமிழிலேயே சொன்னார். ஸ்வார்ட்ஸிடம் வளர்ந்த சரபோஜி மன்னரையும் அந்த வாரத்தில் சந்தித்தார்.

தமிழ்க் கிறிஸ்தவர்களோடு ஹீபருக்கு இது முதல் தொடர்பு இல்லை. யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த, ஸ்வார்ட்ஸின் மாணவரான கிறிஸ்டியன் டேவிட் என்ற தமிழருக்கு 1824-ல் கல்கத்தாவில் குருப்பட்டம் கொடுத்தவர் அவர்தான். சபைக்குள் சாதி பார்ப்பதைப் பற்றி அந்த டேவிட்டிடமே விசாரித்திருந்தார். தெற்கே வந்தபோதும் அந்தக் கேள்வி அவர் கையில் இருந்தது. கடுமையாகத் தடை போடலாமா, விட்டுப் பிடிக்கலாமா என்பதில் அவர் மென்மையான பக்கம் சாய்ந்தார். அவருக்குப் பின்னால் வந்த பிஷப் டேனியல் வில்சன் 1833-ல் சாதிக்குச் சபையில் இடமில்லை என்று உத்தரவு போட்டார். ஹீபர் இழுத்தடித்தார் என்று குறை சொல்பவர்களும் உண்டு.

இன்னொரு விமர்சனமும் இருக்கிறது. இந்தியாவைப் பார்ப்பதற்கு முன், 1819-ல் அவர் எழுதிய ஒரு மிஷனரிப் பாடல் இலங்கை மக்களை இழிவாகப் பேசுகிறது என்று பின்னாளில் காந்தி வெளிப்படையாக வருத்தப்பட்டார். பார்க்காமல் எழுதிய அந்தப் பாடலையும், பார்த்துவிட்டு எழுதிய பயணக் குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் வித்தியாசம் தெரியும்.

திருச்சியில் என்ன நடந்தது?

ஏப்ரல் 1-ல் திருச்சி. மறுநாள் ஞாயிறு, பிரசங்கம். திங்கள்கிழமை விடியற்காலையில் கோட்டைக்குள் இருக்கும் தமிழ்ச் சபைக்குப் போய்த் திடப்படுத்தல் ஆராதனை நடத்தி, தமிழில் ஆசீர்வாதம் சொல்லிவிட்டுத் தங்கியிருந்த வீட்டுக்கு வந்தார். வெயிலும் களைப்பும் ஜாஸ்தி. வளாகத்தில் இருந்த குளியல் தொட்டியில் குளிக்க இறங்கினார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லையே என்று போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை. உஷ்ணத்திலிருந்து சட்டென்று குளிர்ந்த நீரில் இறங்கிய அதிர்ச்சி காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். 43-வது பிறந்த நாளுக்கு 18 நாட்கள் மீதி இருந்தன.

மறுநாளே திருச்சி புனித யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். அமீலியா வரும்வரை காத்திருப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு ஹீபர் வந்த கப்பலே 26 நாள் எடுத்தது. தந்தி வராத காலம். கணவர் இல்லை என்பதே தெரியாமல் கல்கத்தாவில் அந்தக் குடும்பம் எத்தனையோ நாட்களைக் கழித்திருக்கும்.

அமீலியா செய்தது

வட இந்தியப் பயணம் முழுக்க ஹீபர் எழுதிய நாட்குறிப்பு, கூட வர முடியாத மனைவி படிப்பதற்காக எழுதியது. இன்றைக்கு என்ன பார்த்தேன், யார் வந்தார்கள், மரம் எப்படி, சாப்பாடு எப்படி என்று வீட்டில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிதான் இருக்கும். இரண்டு பேரும் ஒன்றாகவே போயிருந்தால், அதில் பாதியைக்கூட அவர் காகிதத்தில் எழுதியிருக்க மாட்டார்.

அமீலியா அந்தக் காகிதங்களைத் தொகுத்து, தெற்குப் பயணக் குறிப்புகளையும் கடிதங்களையும் சேர்த்து 1828-ல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். 1830-ல் கணவரின் வாழ்க்கை வரலாற்றையும் கொண்டுவந்தார். ஹீபரின் பாடல்கள் தொகுப்பாக வந்ததும் அவர் இறந்த பிறகுதான். அதில் இருந்த திரித்துவப் பாடல் தமிழாக்கமாக நம்ம ஊர் ஆலயங்களில் இன்றும் ஒலிக்கிறது. அமீலியா பிற்பாடு மறுமணம் செய்துகொண்டு 1870 வரை வாழ்ந்தார்.

ஹீபருக்குச் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் சிற்பி சாண்ட்ரி செதுக்கிய பளிங்குச் சிலை இருக்கிறது. திருச்சியில் கல்லறையும், அவர் பேரில் கல்லூரியும் இருக்கின்றன. அமீலியாவுக்கு அப்படி எதுவும் இங்கே இல்லை. ஆனால் 1826 மார்ச் மாதம் மாமல்லபுரமும் சதுரங்கப்பட்டினமும் ஹீபர் கண்ணுக்கு எப்படித் தெரிந்தன என்று இன்றைக்கு ஒருவர் படிக்க முடிகிறது என்றால், அதை அச்சுக்குக் கொண்டுவந்த கை அமீலியாவுடையது.